பாண்டிச்சேரியில் ஆறிப்போன சூப்

நான் வேலை பார்க்கும் வால்வு கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சிக்கு என்னைப் பிரான்ஸுக்கு அனுப்ப முடிவு செய்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. அப்பா போகாதே என்று சொல்லவில்லை. "அங்க நீ என்னத்த சாப்பிடுவே?" என்று மட்டும் கேட்டார். மூன்று நாளாக அதே கேள்வி. கடைசியில், வார விடுமுறையில் பாண்டிச்சேரி போய் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சாப்பிட்டுப் பார்ப்போம் என்றேன்.

"சரி. நம்மளால ஒரு வேளை வயிறார சாப்பிட முடிஞ்சா நீ கிளம்பு" என்றார்.

எதையும் பட்டியல் போட்டுச் செய்வது என் பழக்கம். கேட்க வேண்டியவற்றைப் போனில் குறித்துக்கொண்டேன்: முட்டை, மீன், கறி வெந்த தண்ணீர், மாட்டெலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், ஒயின்.

சனிக்கிழமை நாங்கள் மூவரும் போன இடத்தில் நான் இரண்டாவதைக் கேட்பதற்குள் "எல்லாம் வெஜ்தாங்க" என்று சிரித்துவிட்டார்கள். அப்பா அந்தச் சிரிப்பை நம்பவில்லை. ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்றுவிட்டு எழுந்தோம். "ஆறு மாசத்துக்கும் பருப்புப் பொடி இடிக்கணும் போலருக்கே" என்றாள் அம்மா.

ஞாயிறு மதியம் வேறோர் இடம். மஞ்சள் சுவர் கொண்ட பழைய வீடு, முற்றத்தில் ஏழெட்டு மேசைகள். பரிமாறியவருக்கு ஐம்பது வயதிருக்கும். என் பட்டியலை முழுவதும் கேட்டார். சமையலறைக்குப் போய்விட்டு வந்தார்.

"சூப்புல கோழி வெந்த தண்ணி இருக்கும்மா. காய் வேகவெச்ச தண்ணியில உங்களுக்குத் தனியா செய்யச் சொல்லவா? இருபது நிமிஷம் ஆகும்."

"இருக்குன்னு வாய்விட்டுச் சொல்றாரு பாரு" என்று அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

சூப் வந்தது. வெங்காயத்தாள் போன்ற லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டு, வெளிர்ப் பச்சையாக, நல்ல வாசனையோடு. அப்பா கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மாவும் அப்படியே. அவர்கள் தொடாமல் நான் தொடக் கூடாது என்று நானும் இருந்தேன். பரிமாறியவர் தூணருகே நின்றார். ஆவி அடங்கியது, மேலே ஆடை படியத் தொடங்கியது. கோழித் தண்ணீர் என்று காதில் விழுந்ததே போதும், அப்பா இனித் தொடமாட்டார் என்று நினைத்தேன். மேலாளருக்கு எழுத வேண்டிய மறுப்புக் கடிதத்தின் முதல் வரிகூட மனதில் வந்துவிட்டது.

பரிமாறியவர் அருகில் வந்தார். "பிடிக்கலைங்களா சார்?"

"சேச்சே. மத்ததெல்லாம் வரட்டும்னு இருக்கேன்."

"இதை முடிச்சாத்தான் சார் அடுத்தது கொண்டுவருவோம்."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீங்க எனக்காக நிக்கிறீங்க, நான் உங்களுக்காக உக்காந்திருக்கேன்."

"சம்பந்தி வீட்டு விருந்துலகூட இவ்வளவு பொறுமையா இருந்ததில்ல இவரு" என்றாள் அம்மா. பரிமாறியவரும் சிரித்துவிட்டார்.

எங்கள் உறவில் எந்தக் கல்யாணமானாலும் பந்தியை மேற்பார்வை பார்க்கிறவர் அப்பாதான். இலையில் எல்லாம் விழுந்த பிறகுதான் கை வைக்க வேண்டும் என்பது அவருக்கு அவ்வளவு பழகிப்போனது. நான் ஒயினையும் ஜெலட்டினையும் யோசித்தேனே தவிர, இதை யோசிக்கவில்லை.

நாங்கள் கேட்காமலே மூன்று கிண்ணங்களும் உள்ளே போய்ச் சூடாகத் திரும்பின. அப்பா கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு கத்திரிக்காய், தக்காளி, குடமிளகாய் எல்லாம் தனித்தனியாக வெந்து ஒன்றாகச் சேர்ந்த ஒரு பதார்த்தம். "கொத்சுக்குத் தூரத்து சொந்தம்" என்று சொல்லி அம்மா இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடைசியில் ஒயின் சேர்க்காமல் வேகவைத்த பேரிக்காய். தட்டு காலியான பிறகே அடுத்த தட்டு வந்தது. ஒருவரும் எங்களை அவசரப்படுத்தவில்லை. இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

அப்பா திரும்பித் தன் நாற்காலிக்குப் பின்னால் பார்த்தார்.

"என்னப்பா?"

"யாரும் நிக்கல." நம் கல்யாண மண்டபங்களில் மோர் சாதத்துக்கு வருவதற்குள் அடுத்த பந்திக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எத்தனை வருடம் முயன்றும் அப்பாவால் அதை மட்டும் நிறுத்த முடிந்ததில்லை.

திருச்சி பஸ் விழுப்புரம் தாண்டும்போது, எத்தனை கிலோ துவரம்பருப்பு வாங்குவது என்று அம்மா கணக்குப் போட ஆரம்பித்தாள்.

"ரெண்டு டப்பா பொடி போதும்" என்றார் அப்பா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "சூப் எந்தத் தண்ணில செஞ்சதுன்னு மட்டும் அவ கேட்டுக்கட்டும்."

வருகிறேன் என்று மேலாளருக்குப் பஸ்ஸிலிருந்தே செய்தி அனுப்பினேன்.