மஞ்சள் பட்டை

தீபாவளிக்கு முந்தைய வாரம், வியாழக்கிழமை. செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறப்பார்களா என்பதுதான் கம்பெனி பஸ்ஸில் பேச்சு.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் நான் டெஸ்பாட்ச் பிரிவு. எங்கள் ஷிப்ட் அட்டவணை ஓர் எக்செல் கோப்பு. அதற்குள் மேக்ரோ, அதாவது தானாக ஓடும் சிறு நிரல், உண்டு. கோப்பைத் திறந்ததும் மேலே ஒரு மஞ்சள் பட்டை அனுமதி கேட்கும். அழுத்தினால்தான் அட்டவணை வேலை செய்யும். தினமும் அழுத்துவோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்ததில்லை.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி உற்பத்தி லைனிலிருந்து எங்கள் மேஜைக்குச் சோதனை முறையில் வந்திருந்தாள். வேலை பிடித்திருந்தால் மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவார்கள். இல்லாவிட்டால் திரும்பவும் லைன், நாளெல்லாம் நின்றபடி வேலை.

அன்று காலை, நாங்கள் சரக்கு அனுப்பும் கார் கம்பெனியின் பெயரில் 'திருத்திய அட்டவணை' என்று அவளுக்கு ஒரு மெயில். கோப்பைத் திறந்தாள், மஞ்சள் பட்டையை அழுத்தினாள். அட்டவணை வரவில்லை. திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்று தோன்றி மறைந்தது. உடனே நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினாள். எழுந்து நின்று, எதையோ தப்பாகத் திறந்துவிட்டதாக எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

வாசலில் லாரி காத்திருந்தது. சூப்பர்வைசர் வந்தார்.

"இன்னாமா, டெஸ்பாட்ச் டைம்ல ஒயரப் புடுங்கிக் கைல வச்சுகினு நிக்கிற?"

ஐ.டி. ஆள் வந்து பார்த்தார். அது போலி மெயில். அந்த மேக்ரோ வெளியிலிருந்து இன்னொரு நிரலை இறக்கத் தொடங்கியிருக்கிறது. ஒயர் போனதால் பாதியில் நின்றுவிட்டது. யோசிக்காமல் எப்படி அழுத்தினாய் என்று மானேஜர் கேட்டார்.

"லைன்ல தரையில போட்ட மஞ்சக் கோட்டுக்குள்ள நடந்தா ஒண்ணும் ஆவாதுன்னு நீங்கதான சார் சொல்லித் தந்திய. இதுவும் மஞ்சளாத்தான இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தோம், ஐ.டி. ஆளைத் தவிர. வெளியிலிருந்து வரும் கோப்பில் மேக்ரோ ஓடவே முடியாதபடி அன்று மாலைக்குள் எல்லாக் கணினிகளையும் அவர் மாற்றினார். எங்கள் ஷிப்ட் அட்டவணைக்கு மட்டும் தனி அனுமதி.

மூடி மறைத்திருந்தால் அவளை லைனுக்குத்தான் அனுப்பியிருப்பேன் என்றார் மானேஜர். மாதக் கடைசியில் நிரந்தர ஆர்டர் வந்தது.

இப்போது திருத்திய அட்டவணை எது வந்தாலும் முதலில் போனை எடுக்கிறாள். கார் கம்பெனிக்காரர் அலுத்துக்கொள்வது என் மேஜை வரை கேட்கும்.

"நான்தாம்மா அனுப்ச்சேன். தொற."

அதற்குப் பிறகுதான் திறப்பாள்.