விண்கப்பல் பீரங்கியின் உதையை வாங்கிய ரப்பர்

செகந்திராபாத் பக்கம் பாலாநகரில் என் கையால் உண்டாக்கியதைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு தகரக் கொட்டகை. காற்று இரண்டு முறை கூரையைப் பிய்த்தெறிந்தது, இரண்டு முறையும் நானே ஏறி மாட்டினேன். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிச் சேர்த்துக் கட்டிய ஒரு ரப்பர் பிரஸ். அது என் இடது கையில் இரண்டு விரலைத் தின்றது, அப்படியும் அதை விடவில்லை. லாரி எஞ்சின், தண்ணீர் பம்பு, ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் என்று ஆட்டம் போடும் எதையும் அடக்குகிற ரப்பர் பேட். சைனிக்புரியில் மாடி வீடு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். நட்சத்திரங்களுக்கு நடுவே சுடும் பீரங்கியை அடக்கியவனும் நான்தான். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

விண்கப்பல் சண்டையை வைத்து இங்கே ஒரு வெப் சீரிஸ் எடுத்தார்கள். கலை இயக்குநர் கோயம்புத்தூர்க்காரர், நிறையப் படித்தவர். பீரங்கியைத் தெர்மோகோலில் செய்யாமல் இரும்புக் குழாயில் செய்து, காற்றழுத்தத்தால் நிஜமாகவே பின்னால் உதைக்கும்படி வைத்திருந்தார். கதைப்படி அந்த உதையை ஒரு அதிசயப் பொருள் விழுங்கிவிடும். செட்டில் அந்த இடத்தில் இருந்தது சோபா ஸ்பாஞ்சு. முதல் நாளே குழாய் ஸ்பாஞ்சை நசுக்கிக்கொண்டு வந்து, பின்னால் உட்கார்ந்திருந்த ஸ்டண்ட்காரனின் காறை எலும்பை முறித்தது.

அவன் செகந்திராபாத் தமிழன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கட்டுப்போட்ட கையோடு கலை இயக்குநரைக் கூட்டிக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தான்.

“நக்கோ அங்கிள், இன்னொரு வாட்டி அது பின்னாடி உக்கார மாட்டேன். கழுதைகூட உதைச்சிட்டு மூச்சு வாங்கும். இது நிக்கறதே இல்ல.”

துள்ளுகிற ரப்பர் இதற்கு ஆகாது. வாங்கிய அடியை அப்படியே திருப்பிக் கொடுக்கும். டயருக்குள் போடும் டியூபின் ரப்பர் செத்த ரப்பர். அடியை வாங்கி வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். அதில் நாலு விரல் கனத்துக்கு ஒரு பேட் அடித்தேன். கலை இயக்குநர் ஒரு மிஷினில் வைத்து ஒரே ஓர் அடி அடித்துப் பார்த்தார். “சூப்பருங்க பெரியவரே, போதும்” என்றார்.

“மிஷினுக்கு எலும்பு இருக்குதா? நான் உக்கார்றேன்” என்றேன். என் கொட்டகையில் அதுதான் வழக்கம். ரப்பர் மாவு பிசைந்தவன்தான் முதல் அடியை வாங்க வேண்டும்.

செட்டுக்குப் போய்ப் பீரங்கிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒன்பது வெடி வரைக்கும் யாரோ தோளைத் தட்டியதுபோல் இருந்தது. பத்தாவதில் குழாய் நெஞ்சில் இறங்கியது. உள்ளே விலா முறியும் சத்தம் என் காதுக்கே கேட்டது. நாக்கைக் கடித்துவிட்டேன், வாய் நிறைய ரத்தம். நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் மோதினேன், மண்டையும் பிளந்தது. ஆட்கள் தண்ணீரோடு ஓடி வந்தார்கள்.

“தண்ணி கெடக்கட்டும்! அந்தப் பேடக் கழட்டி ரெண்டா அறுங்கடா!”

ரப்பரின் பதம் பார்க்க எனக்குப் பல்தான் கருவி. ரத்த வாயோடு கடித்தேன். உதடு வெந்தது. நடுவில் ரப்பர் பிசினாக இளகிக் கிடந்தது. வயிற்றில் வைத்துக்கொண்ட ஒவ்வோர் அடியும் சூடாக மாறியிருக்கிறது. ஒரே அடி அடித்துப் பார்க்கிற மிஷினுக்கு இது எங்கே தெரியும்?

விலாக்கட்டோடு எட்டு நாள் பிரஸ்ஸோடு மல்லுக்கட்டினேன். ரப்பரை மெல்லிசாக அறுத்து, ஒவ்வோர் ஏட்டுக்கும் நடுவில் அலுமினியத் தகடு கொடுத்து, தகட்டின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்படி அழுத்தினேன். சூடு அந்த ஓரம் வழியாக வெளியே ஓடிவிடும். தகடு கையைக் கிழித்தது. இருமினால் உயிர் போய் வந்தது. கெட்டுப்போன பேடுகளைச் சம்மட்டியால் அடித்துத் துவைத்தேன். ஒன்பதாம் நாள் அதே நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்தேன். கலை இயக்குநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபது, முப்பது, நாற்பது வெடி. குழாய் வெறிபிடித்ததுபோல் உதைத்தது. என் மேல் ஒரு தட்டுகூடப் படவில்லை. “இன்னும் போடுங்க!” என்று கத்தினேன்.

ஸ்டண்ட்காரன் கிட்டே வந்தான். “ஹவ் அங்கிள், ஆமா, ஒத்துக்கறேன், போதும், எறங்கு. எலும்பு கூடட்டும், இனி நானே உக்கார்றேன்.”

எலும்பு கூடியதும் உட்கார்ந்தான். அந்தச் சண்டை முழுக்க அவனுக்கு ஒரு கீறல் இல்லை.

சீரிஸ் வெளியானதும் கொட்டகையில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். என் ரப்பருக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று. செத்துப்போன நட்சத்திரத்தைத் தோண்டி ஒரு விஞ்ஞானி அம்மாள் எடுத்ததாம். கதைதானே, இருக்கட்டும். கடைசியில் பெயர்கள் ஓடின. வேன் ஓட்டியவர், டீ கொடுத்தவர், நாயைப் பழக்கியவர். பீரங்கிக்குக் கலை இயக்குநர் பெயர் மட்டும்.

மறுநாளே பேகம்பேட்டில் அவருடைய ஆபீசுக்குப் போனேன். ஸ்டண்ட்காரனும் அங்கே இருந்தான்.

“அது கற்பனைப் பொருளுங்க பெரியவரே. கற்பனைக்கு யார் பேரைப் போடறது?”

“கற்பனையா என் வெலாவ ஒடச்சிது?”

சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். பொத்தான் தெறித்தது. ஓங்கிய கையை ஸ்டண்ட்காரன்தான் பிடித்தான். “கைக்கு அங்கிள், எதுக்கு இதெல்லாம் இந்த வயசுல? விடு, நான் சாட்சி சொல்றேன்.” விட்டேன். அடித்திருந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

இரண்டாம் பாகத்துக்குப் பன்னிரண்டு பேட் கேட்டார்கள். நிறுத்தி வைத்திருக்கலாம். அடி பட்டால் முறியப் போவது ஸ்டண்ட்காரனின் எலும்பு என்பதால் அத்தனையும் கொடுத்துவிட்டேன். காசும் வந்துவிட்டது, பேச்சு அதைப் பற்றியல்ல. இரண்டாம் பாகத்தில் கலை இயக்குநர் பெயருக்கு அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில், பீரங்கியின் உதையை அடக்கிய பொருளைச் செய்தவர் என்று என் பெயரைப் போட வேண்டும். நன்றி என்று மொத்தமாகப் போடும் பட்டியலில் சேர்த்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன். தனி வரி வேண்டும்.