சும்மா இருக்கும் பெண்களின் ஓவியம்

துடியலூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஓவிய வரலாறு நடத்துகிறேன். போன மாதம் பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றைத் திரையில் காட்டினேன். அரபு நாட்டு வீட்டின் உள்ளறையில் நான்கு பெண்கள் மெத்தையில் சாய்ந்து கிடந்தார்கள்.

“ஓவியர் இப்படியோர் அறைக்குள் போனதே இல்லை. அடைபட்டுச் சும்மா கிடக்கும் இந்தப் பெண்கள் அவருடைய கற்பனை” என்றேன்.

ஒரு மாணவி எழுந்தாள். “மேடம், என்ர அக்கா அப்படித்தானுங்க இருக்குது. சூலூர்ல கட்டிக் கொடுத்தோம். எம்.எஸ்சி. படிச்சிருக்குதுங்க. ஊட்டு வேலைக்கெல்லாம் ஆள் இருக்கு, ஆனா ஊட்டை உட்டு வெளிய உடமாட்டாங்க.”

“அப்பாகிட்டச் சொன்னியா, கண்ணு?”

“அவ வசதியாத்தான இருக்கறான்னு சொல்றாருங்க.”

வகுப்பே என்னைப் பார்த்தது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த படத்தைப் போட்டேன்.