லுவீனியா எடுத்த பாட்டு

லுவீனியா ப்ளண்டை அந்தப் புகையிலை ஊரில் முகத்தைவிடக் குரலால் அறிந்தவர்களே அதிகம். வட கரோலினாவின் பருத்திக் காட்டில், அடுத்தவர் நிலத்தில் வளர்ந்தவள். புருஷன் மரம் அறுக்கும் ஆலையில் அடிபட்டுச் செத்தபின் இரண்டு பெண் பிள்ளைகளோடு ஊருக்குள் வந்து புகையிலை ஆலையில் சேர்ந்தாள். இலை கிழியாமல் அதன் நடு நரம்பை உருவுகிற வேலை. கீழ்த்தளத்தில் கறுப்பினப் பெண்கள் உருவுவார்கள். மேல்தளத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் அதைத் தரம் பிரிப்பார்கள். மேலே மின்விசிறி உண்டு, கூலியும் கிட்டத்தட்ட இரு மடங்கு. கீழே தூசி. மதியத்துக்குள் எச்சில் பழுப்பாகிவிடும்.

கீழ்த்தளத்தில் பாட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடுவதுபோல ஒருத்தி முதல் அடியை எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுப்பவள் எப்போதும் லுவீனியாதான். அவள் பாட்டு ஓடினால் கைகளும் ஓடும். மேஸ்திரி ஹாட்லி இதை நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார். லாரி காத்து நிற்கும் நாட்களில் அவள் பின்னால் வந்து நின்று, "ஆன்ட்டி, இன்னிக்குக் கொஞ்சம் சுறுசுறுப்பா ஒண்ணு எடு" என்பார். கறுப்பினப் பெண்ணை 'மிஸஸ்' என்று சொல்ல அங்கே எந்த வெள்ளைக்கார வாயும் வளையாது. 'ஆன்ட்டி'தான் அவர்கள் தரும் உச்ச மரியாதை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு கோடையில் சபையின் நிலவறையில் ரகசியமாகத் தொழிலாளர் சங்கம் கூடியது. கூட்டியவள் வில்லாடீன். யுத்த காலத்தில் வடக்கே கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது இதே கீழ்த்தளத்தில் இலை உருவும் துடுக்குக்காரி.

"செவ்வாய்க்கிழமை கம்பெனிப் பெரியவங்க சுத்திப் பாக்க வர்றாங்க. அன்னிக்குக் கை மடியில. வாய்ல சத்தம் கூடாது. ஏன் இப்படி உக்காந்திருக்கீங்கன்னு அவங்களே கேக்கணும். கேட்டா ஒரே பதில், மேல்மாடிக் கூலி. மிஸ் லுவீனியா, கைகளுக்கு நான் பொறுப்பு. தொண்டைக்கு நீங்க பொறுப்பு."

"என் தொண்டைக்கு நானே பூட்டுப் போட்டுக்கறேன், கண்ணு" என்றாள் லுவீனியா.

செவ்வாய்க்கிழமை காலை அவள் பக்கத்து இடத்துக்காரி ஓசெல்லா காய்ச்சலோடு வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பல மாதமாக இருமல்.

"வீட்ல கெடக்கக் கூடாதாடி?"

"பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் சும்மா உக்காந்து கூலி கேக்கறோம். இதுக்குப் போய் லீவு போடுவேனா?"

சங்கு ஊதியதும் கைகள் மடிக்குப் போயின. ஹாட்லி முதலில் சிரித்தார், பிறகு கத்தினார், கடைசியில் லுவீனியாவிடம் வந்து குனிந்தார்.

"தொண்டையை வீட்லயே வச்சுட்டு வந்துட்டியா ஆன்ட்டி? நீ எடு, இதுங்க தானா வேலை செய்யும். அந்த ஜன்னலோர இடத்தை உனக்கே தர்றேன்."

லுவீனியா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜன்னல் வேணாமா?"

"எல்லாருக்கும் பத்தாதுங்களே, மிஸ்டர் ஹாட்லி."

மேசை நெடுகச் சிரிப்பு ஓடி அடங்கியது. பெரியவர்கள் மேல்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய காலடி கூரையில் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

அப்போது ஓசெல்லா இருமத் தொடங்கினாள். இருமல் நிற்கவில்லை. வாயைப் பொத்திய துணி சிவந்தது. பெஞ்சிலிருந்து சரிந்தவளை லுவீனியா மடியில் தாங்கினாள். ஓசெல்லாவின் கண்கள் நிலைகுத்தத் தொடங்கின. அவளுடைய கை லுவீனியா இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியைப் பற்றியது.

"என்னை வெறுமனே அனுப்பிடாதடி" என்றாள்.

அவர்கள் சபையில் யாரும் பாட்டில்லாமல் போனதில்லை. எடுத்த பாட்டை, கடைசி அடி முடியும்வரை, நடுவில் விட்டதும் இல்லை. விட்டால் போகிற உயிரைப் பாதி வழியில் இறக்கிவிட்டதாகும். லுவீனியா யோசிக்கவில்லை. முதல் அடி தானாக வந்துவிட்டது. மேசை முழுவதும் அழுதுகொண்டே அதை வாங்கியது.

இரண்டாம் அடியில்தான் அவள் பார்த்தாள். கைகள் அசைந்தன. யாரும் நினைத்துச் செய்யவில்லை. எத்தனையோ வருஷமாக அந்த மேசையில் பாட்டு என்றால் இலை. நீர் வழியும் கண்கள் ஓசெல்லாவின் மேல் இருக்க, விரல்கள் தங்கள் போக்கில் நரம்பை உருவின.

"கையை எடுங்க! மிஸ் லுவீனியா, நிறுத்துங்க, கும்பிடறேன், நிறுத்துங்க!" வில்லாடீன் பெஞ்சு பெஞ்சாக ஓடினாள்.

லுவீனியாவுக்குக் கேட்டது. மடியில் இருந்த தலை இன்னும் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. அவள் மூன்றாம் அடியை எடுத்தாள்.

ஹாட்லி இரண்டு ஆட்களை ஏவி ஓசெல்லாவைப் பின்வாசல் வழியாகத் தூக்கிப்போகச் செய்தார். முன்படியில் பெரியவர்களின் காலணிகள் தெரிந்தபோது பாட்டும் வேலையும் முழு வேகத்தில் இருந்தன.

"எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாருங்க" என்றார் ஒருவர். எதையும் கேட்காமல் அவர்கள் மேலே ஏறிவிட்டார்கள். மாலைக்குள் வில்லாடீனை வேலையை விட்டு நீக்கினார்கள்.

ஓசெல்லாவின் சவ அடக்கத்தன்று கல்லறைத் தோட்ட வாசலில் வில்லாடீன் லுவீனியாவை மறித்தாள்.

"ஒரு உயிருக்காக எங்க எல்லாரோட சோத்தையும் பாடித் தொலைச்சுட்டீங்க."

"அவ தலை உன் மடில இருந்திருந்தா?"

"வாயைக் கடிச்சுக்கிட்டிருப்பேன்."

"கடிச்சிருப்பே" என்றாள் லுவீனியா.

திங்கட்கிழமை ஜன்னலோரம் ஒரு நாற்காலி காத்திருந்தது. சாய்மானம் வைத்தது. "சொன்ன சொல் தவற மாட்டேன் ஆன்ட்டி, உக்காரு" என்றார் ஹாட்லி. மேசையில் ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் தன் பழைய பெஞ்சுக்கே போனாள்.

"அங்க இல்ல, இங்க. இல்லேன்னா வாசல் அதோ இருக்கு."

அவள் இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியை அவிழ்த்து மடித்து மேசைமேல் வைத்தாள். யாராவது ஒருத்தி கூட எழுந்திருப்பாள் என்று கதவுவரை எதிர்பார்த்தாள். வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார் எழுவது? பின்னால் நரம்பு உருவும் சத்தம் மட்டும் வந்தது. பாட்டில்லாமலே கைகள் ஓடிக்கொண்டிருந்தன.

அதன்பிறகு அந்த ஊரில் எந்த ஆலையும் அவளைச் சேர்க்கவில்லை. வெள்ளைக்காரர் வீட்டுத் துணிகளை வாங்கி வந்து கொல்லையில் துவைத்தாள். சில வருஷத்தில் ஆலைக்கு நரம்பு உருவும் இயந்திரங்கள் வந்தன, கீழ்த்தளம் காலியானது. மேல்மாடிக் கூலியை அந்தப் பெண்களில் ஒருத்தியும் வாங்கவில்லை.