புது அளவு ஜாக்கெட்

மெல்பர்ன் வந்து இத்தனை வருஷமாகியும் பழகாத ஒன்று, இங்கே எதையும் டாக்டர் நம்மிடமே கேட்பது. "எந்த அளவு வேண்டும்?" என்றார், காபிக்கு எவ்வளவு சர்க்கரை என்பதுபோல. மேஜையில் மாதிரிக்கு, மார்புக்குள் வைக்கும் சிலிக்கோன் பைகள். திண்டுக்கல்லில் யார் வாயால் அளவு சொல்கிறார்கள்? டெய்லரிடம் பழைய ஜாக்கெட்டைக் கொடுத்தால் முடிந்தது. நானும் ஒரு பச்சை ஜாக்கெட்டை எடுத்து நீட்டினேன். பரிசு என்று நினைத்துவிட்டார் மனிதர். மனைவிக்குப் பச்சை பிடிக்கும் என்று நன்றி சொல்லி ஓரமாக வைத்தார்.

தொண்ணூறுகளில் என்னைப் பெண்பார்க்க வந்த ஓர் அம்மாள், என் காதுபடவே "பொண்ணு பலகையாட்டம் இருக்கே" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு நர்ஸ் வேலைக்கு இங்கே வந்து, என் சம்பாத்தியத்தில் மார்பைப் பெரிதாக்கிக்கொண்டேன். அந்த அம்மாளுக்காக இல்லை, கண்ணாடி முன் நிற்கும் எனக்காக. கொஞ்சம் தாராளமாகவே. நிமிர்ந்துதான் நடந்திருக்கிறேன், இன்றுவரை.

ஊரில் டீச்சராக இருக்கும் என் அக்கா செலின், செய்தி கேட்டு "கர்த்தர் குடுத்தது பத்தலையாக்கும்" என்றாள். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. ஆனால் கிறிஸ்துமஸ் தவறாமல் சேலை வரும், நான் விமானம் ஏறும்போது விட்டுவந்த அளவில் தைத்த ஜாக்கெட்டோடு. உள்தையல் எல்லாம் பிரித்தாலும் கொக்கி எட்டாது. புது அளவை அவள் கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை.

முதியவர்களைத் தூக்கி உட்காரவைக்கும் வேலை எனக்கு. நாற்பது தாண்டியதும் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. சின்னதாக மாற்றிக்கொள்ளலாம்தான். மாற்றினால் அக்கா "அன்னைக்கே சொன்னேன்ல" என்பாளே! அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து இரண்டு வருஷம் வலியைச் சுமந்தேன். அதற்குமேல் தாங்காமல்தான் இந்த டாக்டரிடம் வந்தேன்.

டாக்டரிடம் விளக்கிச் சொல்லி ஜாக்கெட்டைத் திரும்ப வாங்கினேன். அக்கா அனுப்பியதில் ஒன்று அது. இருந்த மூன்று உள்தையலில் இரண்டைப் பிரித்து வைத்திருந்தேன். ஒரு சின்ன ஜோடிப் பையைத் தேர்ந்தெடுத்து, கொக்கி மாட்டிய ஜாக்கெட்டுக்குள் பொருத்திப் பார்த்தேன். இழுக்கவில்லை, தொங்கவில்லை. "இதுதான்" என்றேன். அவர் சிரித்தபடி பையின் அளவு எண்ணைக் குறித்துக்கொண்டார்.

அன்று மாலையே, பல வருஷம் கழித்து, அக்காவுக்கு நானே போன் போட்டேன்.

"மாத்தப் போறேன்க்கா. சின்னதா."

"அப்ப பழைய அளவுக்கே வாரியா?" குரலில் அம்புட்டு சந்தோஷம்.

"இல்ல. பழசுக்கு வரமாட்டேன். நடுவுல. தோள் வலிக்குது, அதான். வச்சதுக்கு நான் வருத்தப்படல."

சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"அப்ப புது அளவு ஜாக்கெட் அனுப்புடி. டெய்லர் எதப் பாத்துத் தைப்பாரு?"

மறுநாளே பச்சை ஜாக்கெட்டைத் தபாலில் போட்டேன். ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் பழைய கனத்தோடு இங்கே டியூட்டிக்குப் போய்வருகிறேன். என் புது உடம்பு எனக்கு முன்னால் திண்டுக்கல் போய்ச் சேர்ந்து, டெய்லர் கடை ஆணியில் தொங்குகிறது.