திரும்பிப் பார்க்காமல் ஒரு ச்சா ச்சா

பச்சை ஏலக்காய் காயும்போது முதலில் வருவது மணம் அல்ல, ஆவி. காய் உலர்த்தும் ஸ்டோர் கதவைத் திறந்தால் வெதுவெதுப்பாக முகத்தில் மோதும். விறகுப் புகையும் அதில் கலந்திருக்கும். பிறகுதான் மணம்... அது புடவையில் ஏறிவிட்டால் சலவைக்கும் போகாது.

அந்த ஸ்டோருக்கு முன்னால்தான் நான் ச்சா ச்சா ஆடக் கற்றுக்கொண்டேன்.

சிரிக்க வேண்டாம், தோழிகளே. போடிக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் சமதளம் என்று இருந்தது அந்த சிமென்ட் களம் ஒன்றுதான். மற்றதெல்லாம் சரிவு. களத்தின் விளிம்பில் சுவர் கிடையாது. கீழே ஏலச்செடிகள், அதற்கும் கீழே ஓடைச் சத்தம், பாதி நேரம் மேகம்...

கல்யாணமான முதல் வருடம். என் கணவர் கீழே சிலமலை கிராமத்து விவசாயக் குடும்பம். எஸ்டேட் வாங்கி மலைக்கு வந்த புதியவர். தோட்ட முதலாளிகளின் கிளப்பில் அப்போதுதான் அவரைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டு விழாவில் தம்பதிகள் ஆடுவது அங்கே வழக்கம். "வேட்டிக்காரருக்கு இதெல்லாம் வருமா?" என்று அங்கே ஒரு பெரிய மனிதர் அவர் காதுபடவே கேட்டிருக்கிறார். அதை வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆடிக் காட்டுவோம்" என்றேன்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். எதையும் அரைகுறையாகச் செய்வதைவிடச் செய்யாமலே இருந்துவிடுவேன்.

பக்கத்து எஸ்டேட் மேனேஜரின் மனைவி லில்லி, கோட்டயத்துக்காரி. என் வயதுதான். சாயங்காலங்களில் ரெக்கார்டு பிளேயரை ஜீப்பில் வைத்துக் கொண்டுவந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள்.

"எடியே, ஒண்ணுல தொடங்கண்டா. ரெண்டுல தொடங்கு!"

டூ, த்ரீ, ஃபோர் அண்ட் ஒன்... இரண்டில் அவர் இடது காலை முன்னால் வைப்பார், நான் வலது காலைப் பின்னால் வைப்பேன். மூன்றில் என் எடை திரும்ப முன்காலுக்கு வரும். பிறகு பக்கவாட்டில் மூன்று சின்ன அடிகள். முன்பாதம் முதலில், குதிகால் பிறகு. எடை இறங்கும்போது முழங்கால் நேராகும், இடுப்பு தானாக அசையும். இடுப்பை நாமாக ஆட்டக் கூடாது. இன்றும் பலர் ஆட்டுகிறார்கள்... பார்க்க முடிவதில்லை.

அவருக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. வரப்பில் நடந்து வளர்ந்தவர். சின்ன அடியாக, முன்பாதம் ஊன்றி வைப்பது அவருக்கு இயல்பு.

எனக்குத்தான் வரவில்லை. கால் அல்ல, கழுத்து. பின்னால் அடி வைக்கும்போதெல்லாம் தலை திரும்பியது. மலையில் பார்க்காமல் யார் பின்னால் கால் வைப்பார்கள்? ஆனால் தலை திரும்பினால் எடை இறங்காது, இரண்டு தாமதமாகும், அடுத்த அடி அவர் கால்மேல் விழும்.

காய் தரம் பிரிக்கும் பெண்கள் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களில் ராக்காயிக்கு வாய் நீளம்.

"ஏம்மா, மொதலாளிய மிதிச்சுப்புட்டு எங்கள எதுக்கு மொறைக்கிறீக?"

"உன் சோலியப் பாரு ராக்காயி" என்றேன்.

"பாத்துக்கிட்டுத்தான இருக்கோம். மொதலாளி, நாளைக்கு பூட்சு போட்டு வாங்க!"

முதலில் சிரித்தது அவர்தான்.

ஒரு நாள் மேகம் இறங்கிக் களத்தின் விளிம்பையே மூடிவிட்டது. நான் நின்றுவிட்டேன்.

"என்னங்க, பின்னால ஒண்ணுமே தெரியல."

"ஒனக்கு எதுக்குத் தெரியணும்? களம் முடியிற எடம் எனக்கு அத்துப்படி. நாந்தான சிமென்ட்டு போட்டேன். நீ என் மூஞ்சியப் பாரு."

"விழுந்துட்டா?"

"விழுந்தா நானும் சேந்துதான விழுவேன். கையப் புடிச்சிருக்கேன்ல."

எவ்வளவு படித்திருந்தாலும், புருஷன் முகத்தை அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நேரம் பார்த்துப் பழகியிருக்கவில்லை. அன்று பார்த்தேன். அவர் இமையில் மேகத்தின் ஈரம் துளித்துளியாக நின்றது... வலது காலைப் பின்னால் வைத்தேன்.

களம் இருந்தது.

விழா அன்று கிளப்பின் மரத்தரை பளபளவென்று இருந்தது. அந்தப் பெரிய மனிதர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு தரம் தடுமாறினால் போதும், பேச்சு என் கணவரைப் பற்றித்தான் இருக்கும். பாட்டு தொடங்கியது. ஒன்றை விட்டோம். இரண்டில் என் கழுத்து ஒரு கணம் இறுகியது. முதுகில் இருந்த அவர் கை லேசாக அழுத்தியது. நான் திரும்பவில்லை. பாட்டு முடியும்வரை திரும்பவில்லை.

முடிந்ததும் லில்லி ஓடி வந்தாள். "எடியே, உன் பின்னாடி வெயிட்டர் கண்ணாடி கிளாஸ் டிரேயோட நின்னான். நீ கண்டில்லையா?"

காணவில்லை. அவர் என்னைப் பக்கவாட்டில் திருப்பியது எனக்கு ஆட்டமாகவே தெரிந்திருந்தது.

அந்தப் பெரிய மனிதர் எழுந்து வந்து அவருக்குக் கை கொடுத்தார். "எப்படி சார் கத்துக்கிட்டீங்க?"

"மிதி வாங்கித்தான் சார்" என்றார் என் கணவர்.

சமீபத்தில் போடியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மணமக்கள் ஆடினார்கள். ஒன்றில்தான் தொடங்கினார்கள், அது போகட்டும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கேமராவைப் பார்த்து ஆடினார்கள். யாரும் யாரையும் நம்பிப் பின்னால் போக வேண்டியிருக்கவில்லை. அழகாகத்தான் இருந்தது... ஆனால் அந்தப் பெண் அவன் முகத்தை ஒரு தரமாவது பார்ப்பாளா என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

எஸ்டேட்டை விற்றாயிற்று. அவரும் போய்விட்டார். போடி வீட்டில், சமையல்காரப் பெண் கிளம்பிப் போன பிறகு, சில சாயங்காலங்களில் போனில் அந்தத் தாளத்தை வைக்கிறேன். தாளம் தப்புவதில்லை. முழங்கால்தான் முழுதாக நேராவதில்லை.

திரும்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் மறுபடி வரவேயில்லை. அதனால் ஆடுவதற்கு முன்னால் நாற்காலி, டீப்பாய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சுவரோரம் தள்ளி வைத்துவிடுகிறேன்.