மாப்பிள்ளை வாங்கிவந்த டர்போ

பட்டறைப் பக்கம் அவரைச் 'சுண்டுவிரல்' என்றுதான் அழைப்பார்கள். எஞ்சினோடு எந்தக் குழாயைப் பொருத்தினாலும், அதைச் சுற்றிலும் சுண்டுவிரல் தட்டாமல் போய்வர வேண்டும் என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட விதி. சூடேறும் குழாய் என்றால் இரண்டு விரல். இடமில்லை என்றால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி, எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர். ஒரே ஒருவரிடம் மட்டும் அந்த வாய் திறக்கவில்லை. அவர் மாப்பிள்ளை.

மகளுக்குக் கல்யாணமாகி இன்னும் ஆண்டு நிறையவில்லை. மாப்பிள்ளை அதிர்ந்து பேசாதவர். ஆனால் வண்டி என்று வந்துவிட்டால் தலைகால் புரியாது. ஒருநாள், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணித்து வேகம் கூட்டும் டர்போ ஒன்றைத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல ஏந்தியபடி பட்டறைக்குள் நுழைந்தார்.

"நல்லாப் பெரிசாப் பாத்து வாங்கிட்டேன் மாமா. மலை ஏறும்போது வண்டி மூச்சு வாங்குது. இதப் போட்டா பறக்கும்."

அந்தச் சிறிய காருக்கு அது பெரிது என்பது பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும், "போட்ரலாம் மாப்பிள்ளை" என்றார்.

முன்பக்கத்தில் உதிரிபாகக் கடையைக் கவனித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஊருக்கெல்லாம் முடியாதுன்னு சொல்ற வாய்க்கு இன்னிக்கு லீவா?"

அன்று தொடங்கியது மல்லுக்கட்டு. டர்போவின் காற்று வாய் நேராக பேட்டரியை முட்டியது. டர்போவின் கூட்டைத் தளர்த்தி, அரைவட்டம் திருப்பி மேல்நோக்கி வைத்தார். ஆயில் வடியும் குழாய் சட்டத்தில் இடித்தது. எங்கும் மேடேறாமல் ஆயில் கீழே இறங்கும்படி, கம்பியை வளைத்து அளவெடுத்துப் புதிதாக ஒன்று செய்தார். ஒவ்வொரு குழாயையும் துண்டு துண்டாகப் புள்ளி வெல்டு வைத்து, மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். எல்லாம் வழிக்கு வந்தன. கடைசியாக ஒன்று மட்டும் வரவில்லை. டர்போவிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய், ஸ்டீயரிங் ராடுக்கும் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகரச் சுவருக்கும் நடுவே இறங்க வேண்டியிருந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் பிரேக் ஆயில் போகும் மெல்லிய குழாயான பிரேக் லைன் ஓடியது. அங்கே சுண்டுவிரல் போயிற்று. இரண்டாவது விரல் போகவில்லை.

நடுவில் சூடு தடுக்க ஒரு தகடு வைத்தால் சமாளிக்கலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். தேறவில்லை. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. வண்டி இழுக்கும்போது பின்பக்கமாகச் சாயும். எவ்வளவு சாயும்?

சனிக்கிழமை காலை மகளும் மாப்பிள்ளையும் பைகளோடு வந்து நின்றார்கள். மலைக்குச் சேர்ந்து போக மாப்பிள்ளையின் நண்பர்கள் அடிவாரத்தில் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை டிக்கியைத் திறந்து பைகளை அடுக்கலானார்.

"ஒரு நிமிஷம் மாப்பிள்ளை. வண்டில உக்காருங்க."

குழந்தைகள் பொம்மை செய்யும் களிமண்ணில் ஓர் உருண்டை பிடித்து, குழாய்க்கும் பிரேக் லைனுக்கும் இடையில் வைத்தார்.

"ஹேண்ட் பிரேக்க இழுத்துக்கங்க. ரெண்டாவது கியர். கொஞ்சம் ரேஸ் குடுத்து, கிளச்ச பாதி விட்டு உடனே மிதிச்சிருங்க."

எஞ்சின் உறுமியது, ஒரு குலுக்கலோடு பின்னால் சாய்ந்து நிமிர்ந்தது. அணைக்கச் சொல்லி, சாவியை வாங்கி வைத்துக்கொண்டு களிமண்ணைப் பெயர்த்து எடுத்தார். உருண்டை தாளாகியிருந்தது. அதன் நடுவே பிரேக் லைனின் தடம், நகத்தால் கீறியதுபோல் பதிந்திருந்தது.

ஏற்றத்தில் பழுக்கக் காயும் குழாய் பிரேக் லைனைத் தொட்டுத் தொட்டு விலகும். உள்ளே பிரேக் ஆயில் கொதிக்கும். இறக்கத்தில் மிதித்தால், மிதி தரையோடு போகும்; வண்டி நிற்காது. பக்கத்து இருக்கையில் மகள் உட்கார்ந்திருப்பாள்.

"என்னப்பா ஆச்சு?" என்றாள் மகள்.

"பைப் பிரேக் லைன்ல இடிக்குதும்மா."

மாப்பிள்ளை இறங்கி வந்து பார்த்தார். "மெதுவாப் போறேன் மாமா. ரேஸே குடுக்க மாட்டேன். வந்ததும் சரி பண்ணிக்கலாம். எல்லாரும் வெயிட் பண்றாங்க."

கடைப்பக்கம் மனைவியின் கை அசைவற்று நின்றது. மாப்பிள்ளை சாவிக்காகக் கையை நீட்டியபடி நின்றார். சரி என்று ஒரு சொல் போதும். எல்லோர் முகமும் மலர்ந்துவிடும்.

அவர் இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்தார். தீப்பொறி தகரச் சுவரெங்கும் தெறித்தது. குழாய் இரண்டு துண்டாயிற்று.

"மன்னிச்சிருங்க மாப்பிள்ளை. இந்த வண்டி இன்னிக்குப் போகாது."

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. வாசலுக்குப் போனார். அவர் கைபேசியில் பேசுவது மறுபடி காருக்கு அடியில் புகுந்துவிட்ட மாமனாரின் காதில் தெளிவாக விழுந்தது.

"வரலடா... மாமனார் பைப்ப அறுத்துட்டார். ஆமாடா, என் கண்ணு முன்னாடியே! சிரிக்காத, போன வெச்சிருவேன்."

மனைவி கொண்டுவைத்த டீ ஆறி ஆடை கட்டியது. நெடுநேரம் கழித்து மாப்பிள்ளை பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு காரின் பக்கத்தில் குந்தினார்.

"இந்த டர்போ பெரிசுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே மாமா."

"சொல்லியிருக்கணும்."

"மாப்பிள்ளைங்கிற மரியாதை," என்றாள் மனைவி கடையிலிருந்து. "உயிரே போனாலும் விடமாட்டார்."

"சும்மா இரும்மா," என்றாள் மகள். ஆனால் சிரித்துவிட்டாள்.

மாப்பிள்ளை குனிந்து உள்ளே பார்த்தார். "பிரேக் லைன நகர்த்த முடியாதா மாமா?"

"ரெண்டையும் நகர்த்தணும். அந்த லைட்ட இப்படிப் புடிங்க. இன்னும் கீழ... அங்கதான்."

குழாயை இடித்த இடத்தில் வைஸ் பிடியில் கொடுத்து முட்டை வடிவமாக அமுக்கினார். அமுக்கியதில் புகைக்கு வழி குறுகாதபடி அந்தத் துண்டை மட்டும் அகலமான குழாயில் செய்தார். பிரேக் லைனைப் புதிதாக வளைத்து, சுவரின் மேல் விளிம்போடு கொண்டுபோனார். பிரேக் லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். "மிதிங்க... அப்படியே... விடுங்க." விட்டால் மறுபடி, "மிதிங்க." மறுபடி எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தபோது, இம்முறை வைத்த களிமண் இரண்டு விரல் தடிமனுக்குக் குறையாமல் நின்றது.

அப்போதும் அவர் மகளை வண்டியில் ஏற விடவில்லை. மாப்பிள்ளையை ஓட்டச் சொல்லி, தாமே பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஊர்த் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டுக்கு நான்கு முறை விரட்டி ஏறினார்கள். ஒவ்வொரு முறையும் உச்சியில் பானட்டைத் திறந்து பார்த்தார். கடைசி இறக்கத்தின் பாதியில், "இப்ப மிதிங்க" என்றார்.

மிதி கல்லைப்போல் நின்றது. வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றுவிட்டது.

மாப்பிள்ளை வண்டியை உருளவிட்டு இன்னொரு முறை மிதித்துப் பார்த்தார்.

"நாளைக்குக் காலைல கிளம்பறோம் மாமா."

"கிளம்புங்க," என்றார் அவர்.